பூஸ்ட் ஏற்றிய இன்ஜினில் உட்சேதம்: பிரிக்கும் முன் கண்டறிதல்

டர்போ இல்லாமல் தயாரான பெட்ரோல் காருக்கு வீட்டு ஷெட்டில் டர்போ பொருத்தும்போது இன்ஜினுக்கு வெளியே எவ்வளவோ மாறுகிறது. உள்ளே எதுவும் மாறுவதில்லை. அதே பிஸ்டன், அதே ரிங், அதே கனெக்டிங் ராடு. ஆனால் 7 பி.எஸ்.ஐ. பூஸ்ட் என்றாலே சிலிண்டருக்குள் நுழையும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, 10 பி.எஸ்.ஐ. என்றால் 1.7 மடங்கு. இப்படி ஓடும் இன்ஜின் ஒருநாள் புகை தள்ளும், தட்டும், அல்லது இழுவை போய்விடும். அப்போது எழும் கேள்விகள் இரண்டு: உள்ளே எது போனது, எதனால் போனது? முதல் கேள்விக்கு ஸ்பானரை எடுத்தால் பதில் கிடைத்துவிடும். இரண்டாவது கேள்விக்கான தடயங்களில் பாதி, பிரிக்கும்போதே அழிந்துவிடும். காரணம் தெரியாமல் மாற்றிய இன்ஜின் அதே காரணத்தால் மறுபடி போகும். எனவே பிரிப்பதற்கு முன் செய்யும் சோதனைகளுக்கே இந்த வேலையில் எடை அதிகம்.

இதை ஒரே காரை வைத்துப் பார்ப்பது எளிது. 1989-இல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான மாஸ்டா எம்.எக்ஸ்.-5, அமெரிக்காவில் மியாட்டா, வீட்டு டர்போக்காரர்கள் மிக அதிகமாகக் கைவைத்த கார்களில் ஒன்று. எடை குறைவு, பின்சக்கர இயக்கம், பானெட்டுக்கு அடியில் கை நுழைய இடம். அதன் 1.6 லிட்டர் இன்ஜின் மாஸ்டா 323 குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்திலேயே 323 ஜி.டி.எக்ஸ். என்ற டர்போ காரும் இருந்தது. 'டர்போவைத் தாங்கும் இன்ஜின்' என்ற பெயர் அதனால் வந்தது. பாதிதான் உண்மை. டர்போ காரின் கம்ப்ரஷன் விகிதம் 8-க்கும் குறைவு, எம்.எக்ஸ்.-5-இல் 9.4. 1994 மாடலில் வந்த 1.8 லிட்டர் இன்ஜினில் 9.0. முதல் தலைமுறைக் காரில் நாக் சென்சார் கிடையாது. இன்ஜின் தட்டுகிறது என்று கணினிக்குச் சொல்ல ஆளில்லை.

டர்போவும் உயர்ந்த கம்ப்ரஷனும் ஒத்துப்போகாத கதை பழையது. 1962-இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரில் கம்ப்ரஷன் 10.25. தட்டாமல் இருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை உள்ளே தெளிக்க வேண்டியிருந்தது. தொட்டியில் திரவம் தீர்ந்தால் பூஸ்டைக் குறைக்கும் ஏற்பாட்டையும் ஜெனரல் மோட்டார்ஸ் வைத்திருந்தது. வீட்டு ஷெட்டில் பொருத்தும் டர்போக்களில் பெரும்பாலும் விடுபடுவது இந்தப் பாதுகாப்பு ஏற்பாடுதான்.

பூஸ்ட் ஏற்றிய இன்ஜின் சாகும் வழிகள் அதிகமில்லை. முதலாவது டெட்டனேஷன், பேச்சுவழக்கில் நாக்கிங். ஸ்பார்க் பற்றியபின் தீ சீராகப் பரவிக்கொண்டிருக்கும்போதே, மூலையில் மிஞ்சிய கலவை வெப்பமும் அழுத்தமும் தாங்காமல் தானாக வெடிப்பது இது. அழுத்த அலை சிலிண்டருக்குள் இங்குமங்கும் மோதுகிறது. 83 மி.மீ. போர் உள்ள 1.8 இன்ஜினில் அதன் அடிப்படை அதிர்வெண் ஏறக்குறைய 6.7 கிலோஹெர்ட்ஸ்; தகர டப்பாவில் சரளைக்கல் போட்டு ஆட்டினாற்போல் காதில் விழும். பிஸ்டனின் மேற்பரப்பைக் காத்துநிற்கும் மெல்லிய குளிர்ந்த வாயுப்படலத்தை இந்த அலைகள் துடைத்தெறிகின்றன. வெப்பம் நேராக அலுமினியத்தில் இறங்குகிறது. முதலில் உடைவது ரிங் லேண்ட், அதாவது இரண்டு ரிங் பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய வரப்பு.

இரண்டாவது ப்ரீ-இக்னிஷன். ஸ்பார்க் அடிக்கும் முன்பே, பழுத்துச் சிவந்த பிளக் முனையோ கரித்துண்டோ கலவையைப் பற்றவைத்துவிடுகிறது. மேலேறி வரும் பிஸ்டனை எதிர்த்துத் தீ அழுத்துகிறது. பெரும்பாலும் இதற்குச் சத்தமே இல்லை. சில நொடிகளில் பிஸ்டனின் நடுவில் ஓட்டை விழும். டெட்டனேஷன் நிமிடக்கணக்கில் அரிப்பது. இது நின்று யோசிக்க விடாது.

மூன்றாவது வெறும் விசை. தட்டாமல், ஒழுங்காக எரிந்தாலும், அழுத்தம் ராடு தாங்கும் அளவை மீறினால் ராடு வளையும். இதில் பலரும் எதிர்பாராத ஒன்று உண்டு. ராடை வளைப்பது உயர்ந்த ஆர்.பி.எம். அல்ல, தாழ்ந்த ஆர்.பி.எம்.மில் திடீரென ஏறும் பூஸ்ட். சின்ன டர்போ 3,000 ஆர்.பி.எம்.மிலேயே முழு பூஸ்டைக் கொடுத்துவிடும், டார்க் அங்கேயே உச்சத்துக்குப் போகும். பெரிய டர்போ தாமதமாக வருவதால் அதே குதிரைத்திறனை ராடுக்குக் குறைந்த சிரமத்தோடு கொடுக்கிறது. ஆர்.பி.எம். உயர்ந்தால் ஆபத்து ராடு போல்ட்டுக்கு, ஏனெனில் அங்கே விசை இழுவிசை. 1.8 இன்ஜின் புதிதாகக் கொடுத்த டார்க் சுமார் 150 நியூட்டன்-மீட்டர். சக்கரத்தில் அளந்து 270-ஐத் தாண்டினால் பழைய ராடுகளை நம்ப முடியாது என்பது எம்.எக்ஸ்.-5 வட்டாரத்தின் பொது அனுபவம்.

நான்காவது, ரிங் முனைகள் முட்டிக்கொள்வது. மேல் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே தொழிற்சாலை விடும் இடைவெளி 0.15 முதல் 0.30 மி.மீ. பூஸ்டின் வெப்பத்தில் ரிங் நீண்டு, முனையும் முனையும் இடித்தால், அதற்குப்பின் விரிய இடமில்லை. ரிங் சிலிண்டரைக் கீறும், அல்லது ரிங் லேண்டைப் பிய்த்துக்கொண்டு வரும். பூஸ்டுக்கென்றே இன்ஜின் கட்டுபவர்கள் இந்தப் போருக்கு 0.40 மி.மீ. அளவில் இடைவெளி விடுவது இதனால்தான். ஹெட் கேஸ்கெட் போவது, பேரிங் போவது, ஆயில் பம்ப் பல்சக்கரம் உடைவது ஆகியவை மிச்சம்.

கண்டறிதல் வண்டியைத் தொடும் முன்பே, ஓட்டியவரின் பேச்சில் தொடங்குகிறது. எந்த கியர், எத்தனை ஆர்.பி.எம்., பூஸ்ட் ஏறும்போதா இறங்கும்போதா, எந்த பெட்ரோல், வெயில் எப்படி, அதற்கு முந்தைய வாரம் என்ன மாற்றப்பட்டது? கடைசிக் கேள்வியை விடவே கூடாது. வீட்டில் மாற்றிய காருக்கு சர்வீஸ் புத்தகம் உதவாது. அந்தக் காரைப் போல இன்னொரு கார் உலகத்தில் இல்லை. இன்ஜெக்டர் எங்கே வாங்கியது, எத்தனை சிசி, கணினியில் யார் போட்ட மேப் என்பதெல்லாம் உரிமையாளரின் நினைவில் மட்டுமே இருக்கும், அந்த நினைவும் கொஞ்சம் தன் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

அதைவிட நம்பத்தக்கது லாக். 2001-இல் ப்ரூஸ் பௌலிங்கும் ஆல் கிரிப்போவும் கொண்டுவந்த மெகாஸ்குவர்ட் போன்ற, வீட்டில் சால்டர் செய்து கட்டக்கூடிய கணினிகள் ஓட்டத்தின் ஒவ்வொரு நொடியையும் பதிந்துவைக்கின்றன. பெட்ரோலுக்குக் கணக்கான காற்று விகிதம் 14.7. பூஸ்டில் 11.5-12 அளவில் இருக்க வேண்டும், அங்கே 13.5 தெரிந்தால் கேள்வியின் பாதி முடிந்தது. ஆனால் இரண்டு இடங்களில் லாக் ஏமாற்றும். ஒன்று, மிஸ் அடிக்கும் சிலிண்டர். எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்சிஜனும் சைலன்சருக்குப் போகிறது. எக்ஸாஸ்டில் இருக்கும் சென்சார் ஆக்சிஜனை மட்டுமே பார்க்கும். அதனால் செத்த சிலிண்டர் உள்ள இன்ஜின் 'பெட்ரோல் போதவில்லை' என்று காட்டும். அதை நம்பி மேலும் பெட்ரோல் ஊற்றினால் சிலிண்டர் சுவரின் ஆயில் கழுவிப் போய், ஒரு கோளாறு இரண்டாகும். இன்னொன்று டைமிங். திரையில் 12 டிகிரி என்று இருப்பது கணினியின் நம்பிக்கை மட்டுமே. எம்.எக்ஸ்.-5-இல் அடிப்படை டைமிங்கை 10 டிகிரியில் வைக்க வேண்டும். தொழிற்சாலைக் கணினி இருந்தால் டயக்னாஸ்டிக் பெட்டியில் இரண்டு முனைகளை ஒயரால் இணைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். புதுக் கணினி போட்டவர் டைமிங் லைட்டைப் பிடித்துச் சரிபார்க்காமல் விட்டால், மேப் முழுவதும் ஐந்தாறு டிகிரி முன்னால் ஓடும். லாக் எவ்வளவு அழகாக இருந்தாலும் பிஸ்டன் உடையும்.

அடுத்தது, உட்சேதம் போல நடிக்கும் வெளிக்கோளாறுகளைக் கழிப்பது. இதைத் தாண்டிப்போய் நல்ல இன்ஜினைப் பிரித்தவர்கள் நிறைய. பி.சி.வி. வால்வு இதில் முதன்மை. டர்போ இல்லாத காரில் இன்டேக்கில் எப்போதும் வெற்றிடம். கிராங்க்கேஸ் வாயுவை உறிஞ்ச அந்த வால்வு போதும். டர்போ வந்தபின் அதே இன்டேக்கில் அழுத்தம். வால்வு ஒழுங்காக மூடாவிட்டால் பூஸ்ட் நேராக கிராங்க்கேஸுக்குள் போய், டிப்ஸ்டிக்கைத் தூக்கியெறிந்து, வால்வு கவர் வழியே ஆயிலைப் பீய்ச்சும். பார்ப்பவர் 'ரிங் போச்சு' என்பார். வால்வைக் கழற்றி இரு முனைகளையும் தற்காலிகமாக அடைத்து, வாயு வேறு குழாய் வழியே வெளியேற விட்டு ஓட்டினால் நிஜம் தெரியும்.

சத்தத்திலும் இப்படித்தான். 1997 வரை வந்த எம்.எக்ஸ்.-5 இன்ஜின்களில் ஹைட்ராலிக் லிஃப்டர். ஆயில் பழையதானாலோ வண்டி சில நாள் நின்றாலோ டிக் டிக் என்று அடிப்பது அவற்றின் பிறவிக்குணம். டர்போவின் எடை தாங்காமல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டட் தளர்ந்தால் அங்கே கசியும் புகையும் அதே தாளத்தில் டிக்கும். இவை இரண்டும் கேம்ஷாஃப்டின் வேகத்தில், அதாவது கிராங்க்கின் பாதி வேகத்தில் வருபவை. பேரிங் அடிப்பது கிராங்க்கின் முழு வேகத்தில் வரும், கனமாகவும் இருக்கும். டைமிங் லைட்டின் மின்னலோடு சத்தத்தைப் பொருத்திப் பார்ப்பது பழைய வித்தை. எம்.எக்ஸ்.-5-இல் ஸ்பார்க் சுற்றுக்கொருமுறை அடிக்கிறது. எனவே ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு தட்டு என்றால் கீழ்ப்பகுதி, இரண்டு மின்னலுக்கு ஒரு தட்டு என்றால் மேல்பகுதி.

பூஸ்டில் மட்டும் இழுவை விட்டுவிட்டு வந்தால், பிளக் இடைவெளியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 1.1 மி.மீ. இடைவெளியில் ஸ்பார்க்கைப் பூஸ்ட் அணைத்துவிடும், 0.7-க்குக் குறைத்தால் பல 'இன்ஜின் கோளாறு'கள் அங்கேயே தீரும். 1991-இன் நடுப்பகுதிக்கு முந்தைய 1.6 இன்ஜின்களுக்கு இன்னொரு நோய்: கிராங்க்கின் முன்முனையில் சாவித்துளை தேய்ந்து, முன்புல்லி ஆடி, டைமிங் நழுவும். நான்கு சிலிண்டரும் ஒரே அளவில் சோர்ந்துபோகும். பிஸ்டன் நான்கும் ஒரே நாளில் ஒரே அளவு சேதமாவது அபூர்வம் என்பதால், சீரான சோர்வு எப்போதும் டைமிங் பக்கமே கைகாட்டும்.

புகையை வைத்துச் சொல்லும் சோதிடத்துக்கு எல்லை உண்டு. நீலம் ஆயில், வெள்ளை தண்ணீர், கறுப்பு பெட்ரோல் என்பது சரிதான். ஆனால் நீலப் புகை ரிங்கிலிருந்தும் வரும், டர்போவின் சீலிலிருந்தும் வரும். டர்போவிலிருந்து ஆயில் சம்புக்கு இறங்கும் குழாய் தாராளமான அளவில், ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும்; வீட்டு வேலையில் அது மடங்கியோ தாழ்ந்தோ இருந்தால் நல்ல டர்போவும் ஆயிலைக் கக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதுதான் பிரித்தறியும் வழி. பிளக்குகள் காய்ந்து சுத்தமாக இருந்து, சைலன்சர் மட்டும் நீலமாகப் புகைந்தால் குற்றம் டர்போவின் டர்பைன் பக்கத்தில். ஒரே ஒரு பிளக் ஆயிலில் நனைந்திருந்தால் குற்றம் அந்த சிலிண்டரில்.

பிளக்கை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும், பூதக்கண்ணாடியோடு. வெள்ளைப் பீங்கானின் மேல் மிளகுப்பொடி தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகளும், நடுநடுவே பளபளக்கும் குட்டி உருண்டைகளும் தெரிந்தால் அந்த உருண்டைகள் அலுமினியம், பிஸ்டனிலிருந்து வந்தவை. பீங்கான் விண்டிருந்தால் நாக்கிங். எர்த் முனை உருகியிருந்தால் ப்ரீ-இக்னிஷன். முனை நசுங்கி இடைவெளி மூடியிருந்தால் உள்ளே ஏதோ உதிர்ந்து பிளக்கில் அடித்திருக்கிறது. அந்த இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. நான்கு பிளக்கையும் சிலிண்டர் வரிசையில் ஒரு அட்டையில் குத்திவைத்துப் படமெடுத்துக்கொள்வது பிறகு காரணம் தேடும்போது பெரிதும் உதவும்.

இனி அளவைகள். கம்ப்ரஷன் சோதனை எல்லோருக்கும் தெரியும், ஒழுங்காகச் செய்பவர்கள் குறைவு. இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கும் வெளியே, த்ராட்டில் முழுதும் திறந்து, பேட்டரி முழு சார்ஜில். எம்.எக்ஸ்.-5-இல் கேம் ஆங்கிள் சென்சாரின் கனெக்டரைக் கழற்றினால் ஸ்பார்க்கும் பெட்ரோலும் சேர்ந்தே நிற்கும். கேஜ் குழாயின் நுனியில், பிளக் ஓட்டைக்கு அருகிலேயே, சின்ன வால்வு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் குழாயின் கொள்ளளவும் சிலிண்டரோடு சேர்ந்து எண் குறைந்து காட்டும். 1.6 இன்ஜினுக்குத் தொழிற்சாலை தரும் அளவு சுமார் 190 பி.எஸ்.ஐ., கீழ்வரம்பு 135, சிலிண்டருக்கும் சிலிண்டருக்கும் வித்தியாசம் 28-க்குள். மலிவான கேஜ்கள் பத்து இருபது தவறாகக் காட்டுவது சகஜம். ஆகவே எண்ணைவிட நான்குக்கும் இடையிலுள்ள வித்தியாசம் முக்கியம், அதைவிட முள் ஏறும் விதம் முக்கியம். முதல் அடியில் குறைவாக இருந்து, அடுத்தடுத்த அடிகளில் ஏறிக்கொண்டே போனால் ரிங். முதலிலும் குறைவு, பிறகும் ஏறவில்லை என்றால் வால்வு. குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயிலை விட்டு மறுபடி அளந்து, எண் நன்றாக ஏறினால் ரிங் பக்கச் சந்தேகம் வலுக்கும்.

லீக்-டவுன் சோதனை இதற்குத் தலைகீழ். இங்கே இன்ஜின் சுற்றுவதில்லை. பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, 100 பி.எஸ்.ஐ. காற்றைப் பிளக் ஓட்டை வழியே செலுத்தி, எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது. கியரில் போட்டு பிரேக் பிடிக்காவிட்டால் கிராங்க் சுழன்று கையில் இருக்கும் ஸ்பானரை வீசும். 10 சதவீதத்துக்குள் நல்லது, 20 சந்தேகம், 30-க்கு மேல் உடைசல் என்பது கைக்கணக்கு. அதைவிட மதிப்பு அந்த 'உஸ்' எங்கிருந்து வருகிறது என்பதற்கு. த்ராட்டிலில் கேட்டால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங் அல்லது பிஸ்டன். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது விரிசல். பக்கத்துப் பிளக் ஓட்டையில் வந்தால் இரண்டு சிலிண்டருக்கு நடுவே கேஸ்கெட். எக்ஸாஸ்ட் வால்வின் கசிவு மட்டும் டர்போ காரில் காதுக்கு எளிதில் எட்டாது, வழியில் டர்பைன் மறிக்கிறது. ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் காதை வைத்தால் தெளிவாகக் கேட்கும்.

இரண்டில் எது நல்ல சோதனை என்று வாதிடுவது வீண். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் விடை இருக்கிறது. உடைந்த ரிங் லேண்டை எடுத்துக்கொள்ளலாம். துண்டு இன்னும் தன் இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். சுற்றியிருக்கும் ஆயில் இடைவெளியை அடைக்கும். ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்தில் கசிய நேரமும் இல்லை. கம்ப்ரஷன் 160, 165 என்று ஏறக்குறைய நன்றாகவே காட்டும். லீக்-டவுனில் அதே சிலிண்டர் 40 சதவீதம் கசிந்து, ஆயில் வாயில் காற்று கையில் அடிக்கும். கம்ப்ரஷன் கேஜை மட்டும் நம்பி 'இன்ஜின் நல்லாத்தான் இருக்கு' என்று மூடியவர்கள் இந்த வலையில் விழுந்தவர்கள்.

வளைந்த ராடு இதற்கு நேர் எதிர். ரிங்கும் வால்வும் பழுதில்லை, கசிவே இல்லை. லீக்-டவுன் 5 சதவீதம். ஆனால் ராடு குறுகியதால் பிஸ்டன் பழைய உயரத்துக்கு வருவதில்லை. 1.8 இன்ஜினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 460 சிசி, கம்ப்ரஷன் விகிதம் 9.0 என்றால் உச்சியில் மிஞ்சும் இடம் 57.5 சிசி. பிஸ்டன் 1 மி.மீ. தாழ்ந்து நின்றால் அந்த இடத்தோடு 5.4 சிசி சேரும், விகிதம் 8.3-க்கு இறங்கும். கேஜில் இது ஏறக்குறைய பத்து சதவீதக் குறைவு: மற்ற மூன்றும் 180, இது மட்டும் 162. 'கொஞ்சம் தேய்மானம்' என்று தள்ளிவிடத் தோன்றும் எண். ஆனால் தேய்மானம் என்றால் கசிய வேண்டும். கம்ப்ரஷன் குறைவு, கசிவு இல்லை என்ற இந்த ஜோடி ஒரு சிலிண்டரில் மட்டும் வந்தால் முதல் சந்தேகம் ராடின் மேல்தான். கேம் லோப் தேய்ந்து வால்வு சரியாகத் திறக்காதது தூரத்து இரண்டாவது. உறுதிசெய்ய இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. ஒரே நீளக் கம்பியைப் பிளக் ஓட்டை வழியே பிஸ்டன் தலையில் ஊன்றி, டயல் கேஜை மேலே வைத்து, நான்கு பிஸ்டனும் உச்சிக்கு வரும்போது உயரத்தை ஒப்பிட்டாலே போதும். கம்பி ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டனின் ஒரே இடத்தில் ஊன்ற வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் தலையின் குழிவே எண்ணைக் கெடுக்கும். அரை மி.மீ. வித்தியாசம்கூடத் தேய்மானத்தால் வராது.

போர்ஸ்கோப் இன்று மலிவு. போனோடு இணையும் கேமராவே போதும். பிஸ்டன் விளிம்பில் மணல் அடித்தாற்போன்ற அரிப்பு, கரி இல்லாமல் கழுவப்பட்ட பிறை வடிவ இடம், சுவரில் செங்குத்தான கீறல், சுருக்கமாகச் சொன்னால் மேலிருந்து தெரிவது அவ்வளவு. ரிங் லேண்ட் பக்கவாட்டில் ஒளிந்திருப்பதால் கேமராவுக்குச் சிக்காது. கேமரா 'ஒன்றுமில்லை' என்பதை லீக்-டவுனுக்கு மேலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கீழ்ப்பகுதிக்கு சாட்சி ஆயில் ஃபில்டர். எம்.எக்ஸ்.-5-இல் அது இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டு, கழற்றுபவரின் முழங்கைவரை ஆயிலை வழியவிடும். அதை ரம்பத்தால் அறுத்தால் ரம்பத்தின் தூளே உள்ளே கலந்துவிடும்; ஃபில்டர் கட்டரால்தான் வெட்ட வேண்டும். காகித மடிப்பை நீளமாக வெட்டி, வைஸில் வைத்து ஆயிலைப் பிழிந்து, வெயிலில் விரித்துப் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு. ஒட்டாத வெள்ளிச் செதில் பிஸ்டனின் அலுமினியமாகவோ, அலுமினியப் பூச்சுள்ள பேரிங்காகவோ இருக்கலாம். செம்பு நிறம் தெரிந்தால், மூன்று படலப் பேரிங்கில் மேல்பூச்சு தீர்ந்து உள்படலம் உரசுகிறது; சம்ப் கழன்றே ஆக வேண்டும். புதிதாகக் கட்டிய இன்ஜினின் முதல் ஃபில்டரில் கொஞ்சம் மினுமினுப்பு இருக்கும், அது பயப்பட வேண்டியதில்லை.

ஆயில் அழுத்தத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை எம்.எக்ஸ்.-5-க்கே உரியது. 1994 வரை டேஷ்போர்டில் இருந்தது உண்மையான கேஜ். 1995 முதல் முள் இருக்கிறது, அளவு இல்லை: கொஞ்சம் அழுத்தம் வந்தாலே முள் நடுவில் போய் நிற்கும், பேரிங் தேய்ந்து அழுத்தம் பாதியாகும்வரை அங்கேயே நிற்கும். பிந்தைய கார்களுக்கு இயந்திர கேஜை நேராகத் திருகித்தான் அளக்க வேண்டும். சூடான இன்ஜினில் 1,000 ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய கைக்கணக்கு.

சத்தத்தை சிலிண்டரோடு பிணைக்க, ஐடிலில் ஓட விட்டு ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டராகக் கழற்றிப் பார்ப்பார்கள். ஒரு சிலிண்டரின் கனெக்டரைக் கழற்றியதும் தட்டு மங்கினால் அதன் ராடு பேரிங். குளிரில் அடித்து, சூடேறியதும் மறைந்தால் பிஸ்டன் ஸ்லாப். இடைவெளி அதிகம் விட்டுக் கட்டும் ஃபோர்ஜ்டு பிஸ்டன்களில் இது இயல்பு. பேரிங் சத்தம் என்று உறுதியான பின்னும் 'இன்னொருமுறை கேட்டுப் பார்ப்போம்' என்று ஸ்டார்ட் செய்வதற்குக் கிராங்க் ஷாஃப்ட் விலையாகும்.

ஹெட் கேஸ்கெட் பூஸ்ட் காரில் விநோதமாகப் போகும். ஐடிலில் எந்தக் குறையும் இருக்காது, ரேடியேட்டரில் குமிழியும் இராது. முழு பூஸ்டில் ஹெட் கண நேரம் தூக்கி, எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்து, பூஸ்ட் இறங்கியதும் மூடிக்கொள்ளும். கூலன்ட் பாட்டில் பொங்குவது மட்டுமே அடையாளம். கரியமில வாயுவைக் கண்டால் நீலத்திலிருந்து மஞ்சளாகும் திரவச் சோதனையை நின்ற வண்டியில் செய்தால் பயனில்லை. ஒரு நல்ல ஓட்டத்துக்குப் பின் உடனே செய்ய வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு இன்ஜின் பிரியும்போது, பாகங்கள் காரணத்தைச் சொல்லத் தயாராக இருக்கும். நான்கு பிஸ்டனும் விளிம்பில் அரிக்கப்பட்டிருந்தால் பொதுக்காரணம்: டைமிங், பெட்ரோல் தரம், இன்டர்கூலர் போதாமை. ஒன்றில் மட்டும் என்றால் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் அடைப்பு, அல்லது குளிர்ச்சி. எம்.எக்ஸ்.-5-இல் நாலாவது சிலிண்டர் இதற்குப் பெயர்போனது. 323-இல் குறுக்கே உட்கார்ந்த இன்ஜினை மாஸ்டா நெடுக்கே திருப்பியபோது தண்ணீர் வெளியேறும் வாயை முன்பக்கத்துக்கு மாற்றிவிட்டது. பின்னால் இருக்கும் நாலாவதைச் சுற்றித் தண்ணீர் ஓட்டம் குறைவு. இந்த வாயைப் பின்பக்கம் மாற்றுவது டர்போ பொருத்துவோரின் வழக்கமான வேலைகளில் ஒன்றானது அதனால்தான். ரிங் முனைகள் கண்ணாடிபோல் பளபளத்தால் அவை முட்டியிருக்கின்றன. ராடு பேரிங்கில் மேல்பாதி மட்டும், அதுவும் ஓரிரு சிலிண்டரில் மட்டும் நசுங்கியிருந்தால் நாக்கிங் சுத்தியலாக அடித்திருக்கிறது. எல்லாப் பேரிங்கும் சமமாகக் கீறியிருந்தால் ஆயில் வரவில்லை, அல்லது அழுக்கோடு வந்தது.

உடைந்த பிஸ்டனின் துகள்கள் அந்த சிலிண்டரோடு நிற்பதில்லை. எக்ஸாஸ்ட் வழியே போனவை டர்பைன் இறக்கைகளைக் கடித்திருக்கும். ஆயிலில் கலந்தவை ஆயில் கூலரின் மடிப்புகளில் தங்கியிருக்கும், எந்த சால்வென்ட்டும் அவற்றை முழுதாகக் கழுவாது. டர்போவின் கம்ப்ரஸர் சிதைந்திருந்தால் இன்டர்கூலருக்குள்ளும் உலோகத் தூள் இருக்கும். புது இன்ஜினைப் பொருத்தும் முன் ஆயில் கூலரை எறிந்துவிட்டு, டர்போவின் பேரிங்கைப் பிரித்துப் பார்த்து, ஆயில் ஊட்டும் குழாயை மாற்றி, இன்ஜெக்டர் நான்கையும் அளவிட்டு, டைமிங்கை விளக்கு பிடித்து மறுபடி சரிபார்த்த பிறகே ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும்.